நூலைப் பிடித்தால் தூரம், காற்றைக் கேட்டால் நேரம்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விமானப் பயணம் பற்றியவை. லீவுக்கு டிக்கெட் போடும் நேரம், வேறென்ன இருக்கும்! ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

மகன் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறான். அவன் அனுப்பிய டிக்கெட்டில், ஜனவரியில் பெங்களூரில் பகல் 2.20-க்குப் புறப்பட்டு, அதே தேதி மாலை 5 மணிக்கு அங்கே இறங்குவதாகப் போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் 17 மணி நேரம் என்கிறார். எது சரி? – ராமமூர்த்தி நகர் வாசகி

டிக்கெட்டும் சரி, பக்கத்து வீட்டுக்காரரும் ஏறக்குறைய சரி. டிக்கெட்டில் போடுவது எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகார நேரம். இந்த இரண்டைக் கழித்துப் பார்த்தால் பயண நேரம் வராது. இறங்கும் நேரத்தை முதலில் நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தில் கலிஃபோர்னியா நமக்கு 13½ மணி நேரம் பின்னால் இருக்கிறது. மாலை 5-ஓடு 13½-ஐக் கூட்டுங்கள்: நமக்கு மறுநாள் காலை 6.30. பகல் 2.20-லிருந்து காலை 6.30 வரை 16 மணி 10 நிமிடம். உங்கள் பயணம் அவ்வளவுதான்.

கோடையில் இந்தக் கணக்கு மாறும். மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். இடைப்பட்ட மாதங்களில் வித்தியாசம் 12½ மணிதான்.

திரும்பி வரும்போது நேர்மாறு. அங்கே சனி இரவு 9-க்கு ஏறினால், 17 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு பெங்களூரில் இறங்குவது திங்கள் அதிகாலை 3.30-க்கு. ஞாயிற்றுக்கிழமையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அழைத்துப் போக வரும் டிரைவரிடம் கிழமையைச் சொல்லாதீர்கள், தேதியைச் சொல்லுங்கள்.

இதைவிட அதிகம் பேர் ஏமாறுவது நள்ளிரவு விமானத்தில். டிக்கெட்டில் ‘15-ஆம் தேதி 00.40’ என்றிருந்தால், 14-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாட்டை முடித்த கையோடு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு தேவனஹள்ளி விமான நிலையத்துக்குப் போய் நின்றால், விமானம் கிளம்பி ஒரு நாள் ஆகியிருக்கும். இப்படித் தவறவிட்டவர்களுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைப்பதில்லை.

உலக வரைபடத்தில் பெங்களூருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் பசிபிக் நடுவே போகிறது. விமானத்தின் திரையில் மட்டும் ரஷ்யா, அலாஸ்கா என்று வளைத்துக் காட்டுகிறார்களே, ஏன்? – அல்சூர், பத்தாம் வகுப்பு மாணவர்

வளைந்திருப்பது உங்கள் வரைபடம். ஆரஞ்சுத் தோலை உரித்து மேஜையில் தட்டையாக விரிக்கப் பார்த்தால் கிழியும். கிழியாமல் விரிக்க வேண்டுமென்றால் வடக்கு, தெற்கு ஓரங்களை இழுத்து அகலமாக்க வேண்டியிருக்கும். பள்ளிச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் கிரீன்லாந்து அவ்வளவு பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

பள்ளியில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு தையல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பெங்களூரிலும் மறு முனையைச் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் வைத்து, தளர்வு இல்லாமல் இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே மேலே ஏறி, சைபீரியாவுக்கு மேல் 71 டிகிரி வடக்கு வரை போய் இறங்கும். இதுதான் குறுக்குவழி: 13,990 கி.மீ. உங்கள் ஸ்கேல் கோட்டில் போனால் சுமார் 16,100 கி.மீ. வரும். சுற்று 2,100 கி.மீ.; பெங்களூரிலிருந்து டெல்லி போவதைவிட அதிகம்.

ஆனால் அந்த நூல் வழியிலேயே விமானம் போகிறதா என்றால், இல்லை. பெங்களூரிலிருந்து கிளம்பும்போது நூல் வடக்கிலிருந்து 20 டிகிரி மட்டுமே கிழக்கே சாய்ந்திருக்கும். நேரே திபெத் பீடபூமிக்கு மேல் போய்விடும். அங்கே தரையே நாலரை, ஐந்து கி.மீ. உயரத்தில் இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் பைலட் சட்டென்று 10,000 அடிக்கு, அதாவது 3 கி.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும். தலைக்கு மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி பெரும்பாலான விமானங்களில் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். கீழே மலை இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் நீண்டதூர விமானங்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை ஒதுக்கியே போகின்றன.

இன்னொரு காரணம் காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு ‘காற்றாறு’ ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடி 15,000-ஐத் தாண்டியது. ஆனால் பயணம் 14½ மணி நேரத்தில் முடிந்தது, பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவாக! ஆற்றோடு நீந்துகிறவனுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை.

பெங்களூர் திரும்பும் வழிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 2021 ஜனவரி 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட முதல் நேரடி விமானம் வட துருவத்துக்கு மேலாகப் பறந்து, சுமார் 17 மணி நேரத்தில் தேவனஹள்ளியில் இறங்கியது. கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் விமானி அறையில் இருந்தவர்கள் அனைவரும் பெண்கள். உங்கள் வகுப்புத் தோழிகளிடம் சொல்லுங்கள்.

மும்பை–லண்டன் தூரம் ஓரிடத்தில் 7,212 என்றும், இன்னோரிடத்தில் 4,481 என்றும், மற்றொன்றில் 3,894 என்றும் போட்டிருக்கிறது. எதை நம்புவது? – மாட்டுங்கா வாசகர்

மூன்றையும் நம்பலாம். முதலாவது கிலோமீட்டர். இரண்டாவது சாதாரண மைல் (1.609 கி.மீ.). மூன்றாவது கடல் மைல் (1.852 கி.மீ.), விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்துவது. ‘நாட்’ என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம். எந்த இணையதளமாக இருந்தாலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சொந்தமாகவே கணக்கிட ஆசையிருந்தால் கைபேசியில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டரே போதும். மும்பை விமான நிலையம் 19.09 வடக்கு, 72.87 கிழக்கு. ஹீத்ரோ 51.47 வடக்கு, 0.45 மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 73.32. (கழித்துவிடுவது எல்லோரும் செய்யும் தப்பு.) இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்குங்கள்: 0.2558. அவற்றின் கோசைன்களையும் 73.32-இன் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: 0.1690. இரண்டையும் கூட்டினால் 0.4248. எந்தக் கோணத்துக்கு இந்தக் கோசைன் என்று (கால்குலேட்டரில் cos⁻¹) பார்த்தால் 64.86 டிகிரி. பூமியின் மேல் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் 7,212. கால்குலேட்டர் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னா என்று வரும், அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு மணிக்கு 900 கி.மீ. போகிறது என்று வைத்துக்கொண்டால் 8 மணி 1 நிமிடம். ஆனால் லண்டன் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். 80 கி.மீ. எதிர்க்காற்று என்றால் தரைக்கு மேல் வேகம் 820. நேரம் 8 மணி 48 நிமிடம். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்: வேகம் 980, நேரம் 7 மணி 22 நிமிடம். போகவர இரண்டையும் கூட்டினால் காற்றே இல்லாத நாளைவிட 8 நிமிடம் அதிகம். எதிர்க்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், சாதகக் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் ஒன்று மற்றொன்றை ஈடுகட்டுவதில்லை.

டிக்கெட்டில் இதைவிடவும் கூடுதலாக இருக்குமே என்பீர்கள். அதில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. கேட்டை விட்டு விமானம் பின்னால் நகர்ந்த நிமிடத்திலிருந்து, அந்த ஊர் கேட்டில் போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஹீத்ரோவுக்கு மேல் வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

டெல்லியிலிருந்து லண்டன் போக முன்பைவிட இப்போது நேரம் அதிகமாகிறது. விமானம் பழசாகிவிட்டதா? – ஆர்.கே.புரம் வாசகர்

வழி மாறிவிட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. பிறகு மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே போனார்கள். 2019-லும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை 16 வரை இப்படி மூடப்பட்டிருந்தது.

டெல்லி–லண்டன் நேர் தூரம் 6,730 கி.மீ. பாகிஸ்தானைத் தொடாமல் அகமதாபாத், மஸ்கட் மேலாகச் சுற்றிப் போவதாக நூல் பிடித்தால் 8,050 வருகிறது. கூடுதல் 1,300 கி.மீ., ஒன்றரை மணி நேரம், அதற்கான எரிபொருள். முன்பும் யாரும் அச்சுப்பிசகாமல் நேர்கோட்டில் போகவில்லை என்பதால் உண்மையான வித்தியாசம் இதைவிடச் சற்றுக் குறைவு. டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் சில ஏர் இந்தியா விமானங்கள் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் எரிபொருளுக்காக இறங்கியது இதனால்தான். டெல்லிக்கு வடக்கே 1,640 கி.மீ. தள்ளி, கஜகஸ்தானில் இருக்கும் அல்மாட்டிக்கு இண்டிகோ 2025 ஏப்ரலில் சேவையை நிறுத்தியதற்கும் இதே காரணம். சுற்றிப் போவது தன் விமானங்களுக்கு எட்டாத தூரம் என்று அப்போது சொன்னார்கள்.

டெல்லியில் டிக்கெட் எடுக்கிறவர்கள் எந்த நாட்டு விமானம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடை இந்திய விமானங்களுக்கு மட்டும்தான்.

சென்னைக்கு விமானமா, ரயிலா? – எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்

உங்கள் இடத்தைப் பார்த்தால் ரயில் என்றே சொல்வோம்.

பெங்களூர்–சென்னை வான்வழி 267 கி.மீ.தான். ஆனாலும் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஏறுவதும் இறங்குவதுமே பாதி வழி; முழு வேகத்தில் போவது கொஞ்ச நேரம்தான்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேவனஹள்ளி 55 கி.மீ. அளவில் இருக்கும். வாயு வஜ்ரா பஸ்ஸில் சில்க் போர்டு, ஹெப்பாள் இரண்டையும் தாண்ட 2 மணி நேரம். ஒன்றரை மணி முன்னதாகப் போக வேண்டும். விமானம் 1 மணி 5 நிமிடம். பெட்டி வாங்கி வெளியே வர 25 நிமிடம். மீனம்பாக்கத்திலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோவில் 45 நிமிடம். கூட்டினால் 5 மணி 45 நிமிடம்.

ரயிலில்: மஞ்சள் மெட்ரோவில் ஆர்.வி. ரோடு, அங்கே பச்சை வழிக்கு மாறி மெஜஸ்டிக் ரயில் நிலையம், எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி. 20 நிமிடம் முன்னதாக. வந்தே பாரத் நாலரை மணி நேரம். மொத்தம் 6 மணி 5 நிமிடம், நேரே சென்ட்ரலில். இருபது நிமிட லாபத்துக்காக ஹெப்பாள் நெரிசலில் உயிரை விடுவானேன்? ஆனால் விமான நிலையத்துக்குப் பக்கமாக எலஹங்காவில் குடியிருப்பவருக்கு இதே கணக்கு தலைகீழாகும். அவர் விமானத்தில் போகலாம்.

தாமதமாகக் கிளம்பினால் பைலட் வேகமாக ஓட்டிச் சரிக்கட்ட மாட்டாரா? – ஜாலஹள்ளி வாசகர்

பஸ் டிரைவர் அளவுக்கு முடியாது. பெங்களூர்–டெல்லி 1,710 கி.மீ. மணிக்கு 830-இலிருந்து 850-ஆகக் கூட்டினால் மிச்சமாவது 3 நிமிடம். அதற்கு மேல் போனால் எரிபொருள் தாறுமாறாகச் செலவாகும். ‘தாமதமாகப் புறப்பட்டும் சரியான நேரத்தில் வந்துவிட்டோம்’ என்று அறிவிக்கிறார்கள் என்றால், அட்டவணையில் முன்கூட்டியே பத்து, இருபது நிமிடம் சேர்த்து வைத்திருந்தார்கள் என்று பொருள்.

மும்பையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்னை வழியாக டிக்கெட் பார்த்தேன். இரண்டாவது பயணம் தூரம் பாதிதான், நேரம் மட்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்கிறதே? – தாராவி வாசகர்

மும்பை–சென்னை 1,034 கி.மீ., ஜெட் விமானம், இரண்டு மணிக்குள். சென்னை–தூத்துக்குடி 530 கி.மீ., ஆனால் வாகைக்குளத்துக்கு (தூத்துக்குடி விமான நிலையம் அங்கேதான்) நெடுங்காலமாகப் போய்வருவது ஏடிஆர், விசிறி வைத்த விமானம். மணிக்கு 500 கி.மீ. ஒட்டித்தான் போகும்; ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். பழைய ஓடுபாதை 1,350 மீட்டர்தான் என்பதால் பெரிய விமானம் இறங்க வழியில்லாமல் இருந்தது. இப்போது 3 கி.மீ.க்கு மேல் நீட்டி, புது முனையமும் 2025 ஜூலையில் திறந்துவிட்டார்கள். டிக்கெட் எடுக்கும்போது விமான வகையைப் பாருங்கள். ஏர்பஸ் என்று இருந்தால் நேரம் குறையும்.

கோயில் கொடைக்குப் போகிற அவசரத்தில் பலர் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு பயணத்தையும் தனித்தனி பிஎன்ஆரில் எடுத்துவிடுவார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது, பணம் போனது போனதுதான். பெட்டியையும் சென்னையில் வாங்கி, வெளியே வந்து, மறுபடி கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். ஒரே பிஎன்ஆர் என்றால் ஒன்றரை மணி இடைவெளி போதும். தனித்தனி என்றால் நாலு மணிக்குக் குறையாமல் வையுங்கள்.

எனக்கு வயது 68, சர்க்கரை உண்டு. 16 மணி நேரம் ஒரேயடியாக உட்காரலாமா, நடுவில் இறங்கிப் போகலாமா? – மல்லேஸ்வரம் வாசகி

தனியாகப் போகிறீர்கள், வெளிநாட்டு விமான நிலையத்தில் கேட் தேடி அலைய முடியாது என்றால் நேரடி விமானமே மேல். கால் வீக்கம், மூட்டு வலிதான் பெரிய தொல்லை என்றால் நடுவில் மூன்று மணி நேர இடைவெளி நல்லது. ஒன்றரை மணி இடைவெளி வேண்டாம், ஓட வைத்துவிடும். இரண்டிலும் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், பொதுவாகக் கட்டணம் இல்லை.

நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பின்கட்டுவரை நடந்து வாருங்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். கீழே போகும் பெட்டியில் உறைந்துபோக வாய்ப்புண்டு. மருந்துச் சீட்டு கூடவே இருக்கட்டும். எந்த ஊர் நேரப்படி ஊசி போடுவது என்பதைப் புறப்படும் முன் உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 13½ மணி வித்தியாசத்தை விமானத்தில் உட்கார்ந்து மனக்கணக்காகப் போடக் கூடாது.

ரமலான் மாதத்தில் நோன்போடு துபாய் போகிறேன். மாலை 4 மணி விமானம். போன தடவை சூரியன் அஸ்தமிக்கவே இல்லை போல இருந்தது. பிரமையா? – சிவாஜி நகர் வாசகர்

பிரமை இல்லை. பூமி சுற்றும் வேகத்தால் நிலநடுக்கோட்டில் சூரியன் மணிக்கு 1,670 கி.மீ. மேற்கே ஓடுகிறது. நீங்கள் போகும் 20 டிகிரி வாக்கில் சுமார் 1,570. அதன் பின்னாலேயே நீங்கள் 850-இல் துரத்துகிறீர்கள். அதனால் சூரியன் பாதி வேகத்தில்தான் இறங்கும். பெங்களூர்–துபாய் 2,700 கி.மீ., நேர வித்தியாசம் ஒன்றரை மணி. உங்கள் பகல் அந்த அளவுக்கு நீளும். 60 டிகிரி வடக்கில் மேற்கே பறக்கிறவருக்குச் சூரியன் நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கே அதன் வேகமும் விமான வேகமும் ஏறக்குறைய ஒன்று.

உயரமும் சேர்ந்துகொள்ளும். 11 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் 3.4 டிகிரி கீழே இறங்கித் தெரியும். விமானம் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால்கூட அஸ்தமனம் கால் மணி நேரம் தள்ளிப்போகும். கீழே இருக்கும் ஊரில் மக்ரிப் பாங்கு (அஸ்தமனத் தொழுகைக்கான அழைப்பு) முடிந்து இருட்டத் தொடங்கியிருக்கும், உங்கள் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எப்போது நோன்பு திறப்பது என்பதை உங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். பேரீச்சம்பழத்தைக் கைப்பையில் வையுங்கள், மேலே ரேக்கில் வேண்டாம். அந்த நேரம் பார்த்து சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் எழுந்து எடுக்க விட மாட்டார்கள்.